ஏரிக்கு எந்த கேமரா, எஸ்டேட்டுக்கு எந்த கேமரா?

நிக்கான் பி950 வாங்கலாமா, கேனான் ஆர்50 வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "எங்கே நின்னு எடுக்கப்போறீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். கேட்டவருக்குச் சின்ன எரிச்சல் வருவது முகத்தில் தெரியும். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரியே ஆர்டர் போடத் தயாராக வந்திருப்பார். ஆனாலும் சேலத்துக்காரரிடம் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் ஒரு வெளிச்சம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் சேர்வராயன் மலையில், காபிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே வேறொரு வெளிச்சம். வண்டியில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஒரு கேமராவுக்கு இரண்டும் இரண்டு உலகம்.

எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் மாமா, அம்மாவின் தம்பி. உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விடிந்ததும் ஏரிக்கரையில் நடை போவார். முதலில் சர்க்கரைக்காக நடந்தார், இப்போது நீர்க்காகத்துக்காக நடக்கிறார். இன்னொருத்தி சித்தி பொண்ணு. வங்கி வேலை, கையில் இரண்டு வயதுப் பையன், வருடத்துக்கு நாலைந்து கல்யாணம் காதுகுத்து, விடுமுறை கிடைத்தால் ஏற்காடு. "பறவையும் எடுக்கணும்ணா" என்று கடைசியில் ஒட்டவைத்தாள். என்னிடம் பழைய நிக்கான் பி900 ஒன்றும், பிற்பாடு வாங்கிய கேனான் ஆர்50-உம் ஒரு 100-400 லென்ஸும் இருப்பதால் நான்தான் நீதிபதி.

பி900 என்பது 2015-இல் வந்த 83 மடங்கு ஜூம் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாத இந்த வகைக்குப் பிரிட்ஜ் கேமரா என்று பெயர். முழு ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவுச் சென்சார்) கணக்கில் சொன்னால் 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரை. பி950 அதன் தம்பி, 2020-இல் வந்தது. அதே ஜூம் எல்லைதான், ரா ஃபைல் (கேமரா கைவைக்காத மூலப்படம்), 4கே வீடியோ, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இன்னும் தெளிவாக, ஆகியவை கூடுதல். ஆர்50 என்பது 2023-இல் கேனான் கொண்டுவந்த ஆரம்பநிலை மிரர்லெஸ், லென்ஸை மாற்றி மாற்றி மாட்டலாம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் பி950 அறிமுகமான விலை 800 டாலர். ஆர்50-ஐ அதன் 18-45 கிட் லென்ஸோடு அறிமுகம் செய்த விலையும் 800 டாலர். ஒரே காசு, எதிரெதிரான இரண்டு பொருள். ஆளாளுக்குக் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை.

மாமா யூடியூப்பில் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஏங்கண்ணு, சென்சார் பெருசா இருந்தாத்தான் படம் நல்லா வருமாமே? பிரிட்ஜ் கேமராவில பொட்டு மாதிரி சென்சாராமா. அத்தன பேரும் அதத்தான் சொல்றாங்க."

"அது பாதி நெசம் மாமா."

"மீதிப் பாதி?"

அந்த மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

பொட்டு என்று அவர் சொன்னது மிகையில்லை. சென்சார் என்பது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. பி950 வகையறாவில் இருப்பது 1/2.3 அங்குலம் என்று பெயர் வைத்த சென்சார். பெயரைக் கேட்டுவிட்டு அங்குலத்தில் அளக்கப் போனால் ஏமாற்றம்தான். உண்மையில் அகலம் சுமார் 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ., பரப்பு 28 சதுர மி.மீ. ஆர்50-இன் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3-க்கு 14.9, அதாவது 332 சதுர மி.மீ. கிட்டத்தட்ட 12 மடங்கு. இந்த 12 மடங்கைக் காட்டித்தான் பலரும் விவாதத்தையே முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் தூரத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குருவியிலிருந்து கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதைச் சென்சார் முடிவு செய்வதில்லை. லென்ஸின் வாய்தான் முடிவு செய்கிறது. மழைக்கு முற்றத்தில் அண்டா வைத்தால் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர்தான் விழும், அடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. லென்ஸின் வாய் அகலத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடக் கணக்குப் போதும்: குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 2000 மி.மீ. என்பது ஒப்பீட்டுக் கணக்கு. லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 357 மி.மீ. வரைதான், அது லென்ஸின் மேலேயே எழுதியிருக்கும். முழு ஜூமில் எஃப் 6.5. ஆக 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. வாய்.

இப்போது ஆர்50-க்கு வருவோம். கூடவே வரும் 18-45 லென்ஸ் பறவைக்கு ஆகாது, அதை விடுங்கள். இரட்டை லென்ஸ் கிட்டில் வரும் 55-210-ஐ எடுத்துக்கொள்வோம். கடைசியில் 210 மி.மீ., எஃப் 7.1. வகுத்தால் 30 மி.மீ. கூட முழுசாக வராது. பரப்பில் பார்த்தால், அந்தக் குருவியிலிருந்து பி950 வாங்குவது இதைப்போல மூன்று மடங்குக்கு மேல். 12 மடங்கு பெரிய சென்சார் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறது, வாசலில் கூட்டமே இல்லை!

அதனால்தான், தொலைவில் இருக்கும் பறவைக்கு, கிட் டெலி லென்ஸ் போட்ட மிரர்லெஸை விட சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமரா நல்ல படம் தருகிறது. இது என் அபிப்பிராயம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், கண்ணாடியின் கணக்கு அது. மிரர்லெஸ் வாங்கி, நீள லென்ஸ் வாங்காமலேயே "பெரிய சென்சார்" என்ற ஒரே நம்பிக்கையில் மூக்கனேரிக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். நூற்றைம்பது அடி தள்ளி நிற்கும் கூழைக்கடாவே அவர்கள் திரையில் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆளை மயக்கும் அந்த 24 மெகாபிக்சலில் பெரும்பகுதி தண்ணீர்.

நீள லென்ஸ் வாங்கிவிட்டால் கதை மாறும். கேனானின் ஆர்எஃப் 100-400, கடைசியில் எஃப் 8. வகுத்தால் சரியாக 50 மி.மீ. வாய். பி950-க்குப் பக்கத்தில் வந்தாயிற்று. இன்னொரு ஒற்றுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஆர்50 பேட்டரியோடு 375 கிராம், இந்த லென்ஸ் 635 கிராம், சேர்த்து 1010. பி950 தனியாகவே சுமார் 1005 கிராம். அதே எடை, ஏறக்குறைய அதே வாய். இயற்கையை ஏமாற்ற முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விலையையும் ஏமாற்ற முடியவில்லை. 100-400 மட்டுமே அறிமுகத்தில் 650 டாலர், கேமரா உடலின் விலைக்குச் சமமாக வந்து நிற்கும். லென்ஸ் இல்லாமல் உடல் 680. மொத்தம் 1330. பி950-ஐ விட 530 டாலர் அதிகம். எந்தக் கடையில் எந்தத் தள்ளுபடியில் வாங்கினாலும் இந்த இடைவெளி சும்மா போய்விடாது.

இந்த 530 டாலருக்கு என்ன கிடைக்கிறது? ஏரிக்கரையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மூக்கனேரியைத் தூர்வாரியபோது அள்ளிய மண்ணை நடுவிலேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்த மரங்களில்தான் நீர்க்காகமும் கொக்கும் உட்கார்ந்து இறக்கை காயவைக்கின்றன. காலை ஏழரை மணி வெயில், நமக்குப் பின்னால் இருந்து வெளிச்சம், பறவை அசையாமல் கிடக்கிறது. பி950-க்காகவே அமைத்த மேடை. வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-இலேயே வைத்து எடுக்கலாம். கண்ணைச் சுற்றிய வளையம், அலகின் கொக்கி வரை வரும். அதே இடத்திலிருந்து என் ஆர்50-இல் எடுத்து, பி950 அளவுக்குப் பறவை பெரிதாகத் தெரியும்படி வெட்டினால் 24 மெகாபிக்சலில் இரண்டரைதான் மிஞ்சும். வெயிலில் இரண்டும் ஏறக்குறைய சமம். சில நாள் பிரிட்ஜ் படமே ஒரு முடி மேல்.

ஆனால் பி950-இன் 16 மெகாபிக்சலையும் முழுசாக நம்பிவிடக் கூடாது. 55 மி.மீ. வாயால் எவ்வளவு நுணுக்கம் பிரித்துக் காட்ட முடியும் என்பதற்கு டிஃப்ராக்ஷன் (துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது) ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பி950-இன் பிக்சல்கள் அந்த வரம்பைத் தாண்டிப் பொடிப் பொடியாக இருக்கின்றன. எட்டு மெகாபிக்சலாகச் சுருக்கிப் பார்த்தாலும் இழப்பு பெரிதாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் போட, பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இ-பேர்ட் பட்டியலில் ஏற்ற, வீட்டுச் சுவரில் ஓரளவு பெரிதாக மாட்ட அது தாராளம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் "ரெக்கார்டு ஷாட்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அழகு வேண்டாம், இது இன்ன பறவைதான் என்று அடித்துச் சொல்லும்படி இருந்தால் போதும். மலைச்சரிவுப் பாறைப் புதர்களில் மஞ்சள் தொண்டைச் சின்னான் உண்டு. தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது, அழியும் ஆபத்தில் இருக்கும் பறவைகளின் பட்டியலிலும் இருக்கிறது. அது பாறையில் வந்து உட்கார்ந்த மூன்று விநாடிக்குள் தொண்டையின் மஞ்சள் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்றால், நான் இன்னமும் பி900-ஐத்தான் எடுப்பேன்.

பிரிட்ஜில் பழக வேண்டிய ஒரு வித்தை உண்டு. முழு ஜூமில் அது பார்க்கும் கோணம் ஒரு டிகிரிதான். நூறு மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் அகலம் மட்டும் தெரியும். பறவை எங்கே, கிளை எங்கே என்று வியூஃபைண்டருக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் "அதோ பறந்துருச்சு" என்பார். அதற்காகவே லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் ஜூம் கொஞ்சம் பின்வாங்கி இடத்தைக் காட்டும், விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். இதைக் கட்டைவிரல் தானாகத் தேடிப் போகிற அளவுக்குப் பழகாதவர்கள்தான் பிரிட்ஜை இரண்டே மாதத்தில் விற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

நிலா எடுக்கவும் இந்த ஒரு டிகிரிதான் அருமை. நிலாவின் அகலம் அரை டிகிரி, படத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிறையும். பி1000 என்று 3000 மி.மீ. வரை போகும் அண்ணன் ஒன்று உண்டு. அதில் நிலா மேலும் கீழும் இடித்துக்கொண்டு நிற்கும். 1.4 கிலோ. நடைக்கு அதை எடுத்துப் போகச் சொன்னால் மாமா நடையையே விட்டுவிடுவார்.

சரி, இப்போது ஏற்காட்டு மலைக்கு ஏறுவோம். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி, ஏரியையும் படகையும் சுற்றுலாக் கூட்டத்தையும் விட்டு நாகலூர் பக்கம் நடந்தால், காபித் தோட்டத்துக்குள் காலை எட்டு மணிக்கும் இருட்டுதான். மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, கீழே காபி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-ஐ ஒட்டி இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். நிழலில் வளர்க்கும் பயிர் என்பதால் இன்றைக்கும் பறவைக்கு அங்கே இடம் இருக்கிறது. அதே காரணத்தால் கேமராவுக்கு வெளிச்சம் இல்லை. வெள்ளைக்கண்ணிகள் இலைக்கு இலை தாவும். அரசவால் ஈபிடிப்பான் வாலை இழுத்துக்கொண்டு ஒரு நொடி காட்சி கொடுத்துவிட்டுப் போகும். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். எல்லாம் பத்துப் பதினைந்தடி தூரத்தில்.

இங்கேதான் பிரிட்ஜ் திணறும். இரண்டு காரணம். முதலாவது, இவ்வளவு பக்கத்தில் முழு ஜூம் தேவைப்படாது. அதைவிட, முழு ஜூமில் ஐந்து மீட்டருக்குள் இருக்கும் எதன்மீதும் பி950 ஃபோகஸ் ஆகாது. ஆகவே ஜூமைக் குறைக்கிறோம். குறைத்தால் 55 மி.மீ. வாயும் கூடவே சுருங்கும். ஒரேயடியாக அகலக் கோணத்துக்கு வந்துவிட்டால் 4.3-ஐ 2.8-ஆல் வகுக்க வேண்டும், ஒன்றரை மி.மீ.தான். நீள முனையில் இருந்த பலம் குட்டையாக வரவர ஆவியாகிவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 800-ஐத் தாண்டினால் இறகு இறகாகத் தெரிந்தது மெழுகாகிவிடும்.

இரண்டாவது காரணம் ஃபோகஸ், என் கண்ணுக்கு இதுதான் பெரியது. பி950 கான்ட்ராஸ்ட் முறையில் ஃபோகஸ் செய்கிறது. லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டி, எங்கே கூர்மையோ அங்கே நிறுத்தும். குறுக்கே ஒரு குச்சி இருந்தால் குச்சியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். வெளிச்சம் குறைந்தால் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்50-இல் சென்சாரிலேயே இருக்கும் டூயல் பிக்சல் ஃபோகஸ், எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்கிறது. அதோடு பறவை என்று அடையாளம் கண்டு கண்ணில் சின்னச் சதுரம் போட்டுக் காட்டும். காபி இலைகளின் சந்தில் வெள்ளைக்கண்ணியின் அந்த வெள்ளை வளையத்தில் சதுரம் போய் உட்காரும்போது, 530 டாலரைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை.

பறக்கும் பறவைக்கும் இதே தீர்ப்புதான். பி950 விநாடிக்கு 7 படம் எடுக்கும். ஆனால் ஒன்றரை விநாடிக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்குள் ஆலாப் பறவை ஏரியின் அந்தக் கரைக்குப் போயிருக்கும். ஆர்50 விநாடிக்கு 12 எடுக்கிறது, எடுக்கும்போதே பின்தொடரவும் செய்கிறது. ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டில் நின்றால் சில சமயம் கழுகு நம் கண் மட்டத்துக்குக் கீழே வட்டமிடும். வானம் பின்னணியாக இல்லாமல் காடு பின்னணியாக அமையும் அபூர்வமான வாய்ப்பு அது. பிரிட்ஜில் அதை எடுக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். நல்ல நேரமும் வேண்டும் என்றுதான் சொல்லுவேன்.

பட்டாம்பூச்சி விஷயத்தில் இரண்டும் தப்பித்துவிடும். பூ மழை என்கிற கோடை மழை பெய்து காபி பூக்கும் மார்ச், ஏப்ரலில் தோட்டமே வெள்ளையாகி மல்லிகை வாசம் அடிக்கும்போது, பி950-காரர் ஐந்து மீட்டர் பின்னால் போய் நின்று முழு ஜூமில் எடுத்தால் ஒன்பது செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம் சட்டத்தில் நிறையும். பூச்சி கலையாது, அதுதான் லாபம். 100-400-காரர் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் போனால் ஐந்தரை செ.மீ. அகலம். மேக்ரோ லென்ஸ் வாங்காமலேயே இவ்வளவு கிடைப்பது இந்த லென்ஸைப் பற்றி அதிகம் பேசப்படாத நல்ல குணம்.

மாமாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று கன்னங்குறிச்சியில் இருக்கும் தன் வீட்டைப் படம் பிடிக்க வேண்டும். "83 மடங்குன்னா மொட்டமாடியில காயுற வேட்டி தெரியணுமில்ல?" பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழு ஜூமில் சட்டத்துக்குள் வருவது சுமார் 175 மீட்டர் அகலம். ஒரு தெருவே வந்துவிடும். கணக்குப்படி வேட்டி தெரிய வேண்டும். ஆனால் நடுவில் பத்து கிலோமீட்டர் காற்று இருக்கிறது. வெயில் ஏறியதும் சேலம் சூடாகி, அந்தச் சூட்டில் காற்று கொதித்து, வீடுகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். இதற்கு நிக்கானும் மருந்து வைத்திருக்கவில்லை, கேனானும் வைத்திருக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் கேமராவும் பத்து லட்சம் ரூபாய் லென்ஸும் இங்கே ஒரே வரிசையில் நிற்கும். முதல் நாள் நல்ல மழை பெய்து, மறுநாள் விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் போனால் கொஞ்சம் தேறும். ஏரிக்கரையிலும் இதே கதைதான்: பத்து மணிக்கு மேல் தூரத்துப் பறவை மங்கலாக வந்தால் கேமராவைத் திட்டாதீர்கள்.

சித்தி பொண்ணின் விஷயத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் எடுக்கப்போவது மண்டபத்து விளக்கொளியில் மாலை மாற்றுவதையும், வீட்டுக்குள் ஓடும் பையனையும். அகலக் கோணத்தில் பிரிட்ஜின் வாய் ஒன்றரை மி.மீ. என்று பார்த்தோம். கைப்பேசியே அதைவிட நன்றாக எடுக்கும் காலம் இது. விலை உயர்ந்த பல கைப்பேசிகளில் இருக்கும் சென்சார் பி950-இல் இருப்பதை விடப் பெரியது. அவளுக்கு மிரர்லெஸ்தான். ஆனால் கிட்டில் வரும் 18-45-ம் மண்டபத்துக்குப் போதாது, அதன் எஃப் எண் 4.5-இல்தான் தொடங்குகிறது. அதனால் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றைச் சேர்த்து வாங்கச் சொன்னேன். 160 கிராம், அந்தக் குடும்பத்திலேயே மலிவான லென்ஸ்களில் ஒன்று. வாய் 28 மி.மீ. பையன் முகம் மட்டும் தெளிவாகவும் பின்னால் இருக்கும் பாத்திரக் குவியல் கரைந்தும் வருகிறதே, அது இந்த 28-இன் வேலை.

"அப்போ பறவைக்கு அந்த 55-210 சேர்த்து வாங்கட்டுமாண்ணா? சேர்த்து வாங்குனா மலிவா தர்றாங்க."

வேண்டாம் என்றேன். 30 மி.மீ. வாயோடு ஏரிக்கரையில் ஏமாறுவதை விட, அந்தக் காசைப் பத்திரமாக வைத்து, ஆசை ஒரு வருடம் கழித்தும் இருந்தால் 100-400 வாங்கிக்கொள்ளலாம். குரங்கும் காட்டெருமையும் எடுக்க மட்டும் 210 தாராளம். குரங்குக்கு லென்ஸே தேவையில்லை, கொண்டை ஊசி வளைவில் அதுவே பக்கத்தில் வந்து பையைப் பிடுங்கிக்கொள்ளும்.

மற்ற மாடல்களைப் பற்றிச் சுருக்கமாக. கேனானிலேயே இன்னும் மலிவாக ஆர்100 என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கத் தெரியாது, திரையைத் தொட்டு இயக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. நிக்கான் இசட்30-இல் வியூஃபைண்டரே கிடையாது. மூக்கனேரி வெயிலில் பின்திரையைப் பார்த்துப் பறவை தேடுவது வேதனை. 2024-இல் வந்த இசட்50-2 பறவையை நன்றாகப் பிடிக்கிறது. சோனி பக்கம் போனால் பிற நிறுவன லென்ஸ்கள் ஏராளம், கேனானின் ஆர்எஃப் லென்ஸ் வரிசையில் சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சிக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் கொண்டுவருவதாக அறிவித்ததே 2024-இல்தான். பிரிட்ஜ் வரிசையில் கேனான் எஸ்எக்ஸ்70 சுமார் 600 கிராம்தான், பயணத்துக்கு இதம். ஆனால் கடைசி முனையில் வாய் 38 மி.மீ. அளவுதான்.

இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சோனி ஆர்எக்ஸ்10-4-ஐ மறந்துவிட்டால் அதன் ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள். ஒரு அங்குலச் சென்சார், 24-600 ஜூம், 2017-இல் வந்தது. உண்மையான குவியத் தூரம் 220, எஃப் 4. வகுத்துப் பாருங்கள்: 55! பி950-இன் அதே வாய், ஃபோகஸ் மட்டும் மிரர்லெஸ் வேகம். ஏரிக்கும் எஸ்டேட்டுக்கும் ஒரே கேமரா என்றால் அதுதான். அறிமுக விலை 1700 டாலர். அந்த விலைக்கு நான் 100-400-ஐயும் ஆர்50-ஐயும் வாங்கி, மிச்சத்தில் 50 மி.மீ.யும் வாங்கிவிடுவேன்.

எதை வாங்கினாலும் மலையின் ஈரத்துக்குக் கணக்கு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டு மூடுபனிக்குள் சுற்றிய கேமராவை அப்படியே பையில் போட்டு அலமாரிக்குள் வைத்தால், அடுத்த கோடையில் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பிரிட்ஜில் லென்ஸைக் கழற்றும் வேலை இல்லாததால் தூசி போகாது என்று நினைப்பதும் சரியல்ல. அந்தப் பெரிய ஜூம் குழாய் நீண்டு சுருங்கும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கிறது. மிரர்லெஸில் தூசி விழுந்தால் சென்சாரை ஊதித் துடைக்கலாம். பிரிட்ஜில் விழுந்தால் சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் பி900 பார்த்தால் ஜூமை முழுசாக ஓட்டி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாமா பி950 வாங்கிவிட்டார். நீளவால் இலைக்கோழி இலைமேல் நடப்பதை அவர் எடுத்த படம் எங்கள் குடும்பக் குழுவில் பலருக்கு முகப்புப் படமாகிவிட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆலாக்கள் வரும்வரை. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சர்ரென்று திரும்பும் அதைத் துரத்தித் துரத்தி வெறும் தண்ணீராகவே எடுத்துவிட்டு, போன வாரம் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, உன் 100-400 லென்ஸ இந்த பி950-ல மாட்ட முடியாதா?"

"அது மாட்டவும் முடியாது, கழட்டவும் முடியாது மாமா."

"அப்ப உன் கேமராவயே ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடு. பாத்துட்டுத் தர்றேன்."